யார் பெயர் முதலில்

இடது கட்டைவிரல் தாள்கட்டின் ஓரத்தை மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை குத்தூசியை நெட்டுக்குத்தாக நிறுத்தி, ஒரே அழுத்தில் ஏழு தாள்களையும் துளைத்தது. மூன்று விரற்கடை தள்ளி இன்னொரு துளை, அதற்குக் கீழே இன்னொன்று. ஊசியில் கோத்த பச்சை நாடா நடுத்துளையில் இறங்கியது, மேல்துளையில் ஏறியது, கீழ்த்துளையில் மறுபடி இறங்கியது, அடிவழியாக நடுத்துளைக்கே வந்து முடிச்சாக நின்றது. முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு சொட்டியது. அது இறுகுவதற்குள் கைகள் அடுத்த கட்டை இழுத்து வைத்துக்கொண்டன.

இடம் சாலைப் பள்ளியின் நூலக அறை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. மேசையில் ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பிரதிகள், பிரதிக்கு ஏழு தாள். அலுவலகத்திலிருந்து எண்ணிக் கொடுத்த கெட்டித் தாள் பதினாறு. மீந்த இரண்டும் உறைக்குள் பத்திரமாக இருந்தன.

அந்தக் கைகள் தாள்களில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒப்பந்தப் பிரிவின் பழைய விதி அது. ஒப்புநோக்க இரண்டு பேர். கட்டுவது மூன்றாம் ஆள். கட்டுகிற கை படிக்கக் கூடாது. படித்தால் திருத்தத் தோன்றும். திருத்தினால் மறுபடி ஒப்புநோக்க வேண்டும். அப்புறம் எந்த ஒப்பந்தமும் இந்த ஜென்மத்தில் கையெழுத்தாகாது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் இரண்டு சுருக்கொப்பம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். இருந்தது. போதும்.

வெளியுறவுத் துறையில் இருபத்தாறு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. நாடும் நாடும் பேசி முடித்ததைச் சுத்தப் பிரதியாக்கி, ஓரம் அளந்து, நாடா கட்டி, அரக்கு வைத்துக் கொடுப்பாள். கைப்பையில் எப்போதும் ஓர் இரும்பு அளவுகோல். ஓரம் ஒரு நூல் விலகினாலும் தாளைத் திருப்பிவிடுவாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு அளவுகோலம்மா என்று பெயர். "அந்தம்மா கட்டின ஒப்பந்தம்னா, போரே வந்தாலும் ஓரம் கோணாது" என்று ஓர் அதிகாரி சொன்னதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா கேலியாக எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இந்தப் பள்ளிக்கூட வேலை அவள் தலையில் வந்து விழுந்தது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெளியுறவுக் கொள்கையை அறிமுகப்படுத்த வேண்டும், ஆறு வியாழக்கிழமை, பள்ளிக்கு ஓர் ஆள் என்று மேலிடத்து உத்தரவு. நாலு நாட்டில் தூதராக இருந்தவர்கள் முதல் நேற்றுச் சேர்ந்த அதிகாரி வரை எல்லோருக்கும் அந்த ஆறு வியாழனும் எப்படியோ கூட்டம் வந்துவிட்டது. பட்டியல் கீழே இறங்கி இறங்கி அவளிடம் வந்து நின்றது. கூடவே ஒரு பெட்டி கொடுத்தார்கள். அதில் இருபது காகிதக் கொடிகள், இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் ஒரு சுவர்ப்படம், நிரப்பித் தர வேண்டிய ஒரு படிவம். படிவத்தில் இரண்டே கேள்விகள்: பயன்பெற்ற மாணவர் எண்ணிக்கை, பயன்படுத்திய கொடிகளின் எண்ணிக்கை.

"ஆபீஸ்ல அத்தனை பெரிய மனுஷங்க இருக்க, உன்னை ஏன்மா அனுப்புறாங்க?" என்று கேட்டார் அவள் வீட்டுக்காரர். பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். வண்டி எத்தனை மணிக்குப் போயிற்று, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுகிறவர்.

"அவங்களுக்கெல்லாம் மீட்டிங்காம்."

"உனக்கு?"

"எனக்கு வியாழக்கிழமை."

முதல் வியாழனன்று முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்து பேர் சாலைப் பள்ளி, பதினைந்து பேர் மேட்டுப் பள்ளி. விளையாட்டுப் பீரியடைப் பிடுங்கி இதற்குக் கொடுத்திருந்ததால் முப்பது முகங்களும் உப்பியிருந்தன. மேட்டுப் பள்ளியின் ஒல்லிப் பையன் ஒருவன் எழுந்தான். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்வதால் கூட்டாளிகள் அவனை வக்கீல் என்பார்கள்.

"மிஸ், நீங்க எத்தனை நாட்டுக்குப் போயிருக்கீங்க?"

"ஒரு நாட்டுக்கும் போனதில்லப்பா."

"ஒண்ணுகூடவா? ஏர்போர்ட்டாவது?"

"பார்சல் அனுப்பப் போயிருக்கேன்."

சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. அவளும் சிரித்து வைத்திருக்கலாம். வரவில்லை. பெட்டியைத் திறந்தாள், கொடிகளைப் பார்த்தாள், மூடினாள். ஜன்னலுக்கு வெளியே கண்ணை ஓட்டினாள். அங்கே இரண்டு பள்ளிக்கும் நடுவில் ஒரு மைதானத்தில் ஆளில்லாமல் புழுதி பறந்துகொண்டிருந்தது.

"அங்க ஏன் யாரும் விளையாடல?" என்று கேட்டாள்.

அதுவரை தூங்கி வழிந்த முப்பது பேரும் ஒரே சமயத்தில் கத்தத் தொடங்கினார்கள்.

கத்தலிலிருந்து அவள் பிரித்தெடுத்த விஷயம் இவ்வளவுதான். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு பந்தயத்தில் அடிதடி. மறுநாளே சாலைப் பள்ளி, மைதானத்திலிருந்து பிரதான சாலைக்குப் போகும் கேட்டைப் பூட்டிவிட்டது. மேட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்துக்கு இருபத்தைந்து நிமிடம் சுற்றி நடக்கிறார்கள். பதிலுக்கு மேட்டுப் பள்ளி, தன் தொட்டியிலிருந்து மைதானத்துக்கு வரும் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டது. தண்ணீர் தெளிக்காத மைதானத்தில் பத்து நிமிடம் ஓடினால் கண், மூக்கு எல்லாம் மண். ஆக இருவருக்கும் இல்லை. இப்போது நகராட்சி கடிதம் போட்டிருக்கிறது: இரண்டு பள்ளிகளும் சேர்ந்து பயன்படுத்துவதாக எழுத்து மூலம் ஒப்பந்தம் வராவிட்டால், வரும் மாதம் கடைசி வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியோடு மைதானம் வாகன நிறுத்தமாகும்.

அளவுகோலம்மா பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளினாள். "சரி. நீங்க ஒரு நாடு. நீங்க ஒரு நாடு. இடையில இது. ஆறு வாரத்துல எழுதிக் குடுங்க, ரெண்டு ஹெச்.எம்மும் கையெழுத்துப் போடட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அடுத்த மூன்று வாரம் அவளுக்கு நரகம்.

இரண்டாம் வியாழன் முழுக்க, "தண்ணி எங்களோடது", "கேட் எங்களோடது". போனால் போகட்டும், எழுதியாவது கொண்டுவாருங்கள் என்றாள். மூன்றாம் வியாழன் எழுதிக் கொண்டுவந்தார்கள். 'இரு பள்ளிகளுக்கும் இடையே நட்புறவு வளர்க்கப்படும். பரஸ்பர நல்லெண்ணம் பேணப்படும்.'

"இத வெச்சு என்ன பண்றது?" என்றாள்.

"ஏன் மிஸ், டிவியில இப்படித்தானே சொல்றாங்க?"

"டிவியில சொல்றதுக்கு அது. கேட் எத்தனை மணிக்குத் திறக்கும்? யார் திறப்பாங்க? சாவி தொலைஞ்சா? நட்புறவு வந்து திறக்குமா?"

"அதெல்லாம் வாட்ச்மேன் அண்ணன் பாத்துப்பாரு மிஸ்."

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அன்று சாலைப் பள்ளித் தலைமையாசிரியை வேறு வந்து எட்டிப் பார்த்தார். "கொடியெல்லாம் கட்டலையா? பசங்களுக்கு ஒவ்வொரு நாட்டு டிரஸ் போட்டு விட்டா போட்டோ நல்லா வருமே, மேடம்" என்றார். "பாக்கலாம் மேடம்" என்றாள் அளவுகோலம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினால் குரல் மரியாதையாகத்தான் வரும். இருபத்தாறு வருட அனுபவம்.

வீட்டில் அன்று சாப்பாடு இறங்கவில்லை. "ஆளாளுக்கு நான்தான் பெரியவன்கிறாங்க. என்ன சொன்னாலும், அவங்க முதல்ல விடட்டும்கிறாங்க" என்றாள்.

வீட்டுக்காரர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். "இதுக்குத்தாம்மா எங்க வண்டிக்கு ரெண்டு வாசல் வெச்சிருக்கான். முன்வாசல்ல முதல்ல ஏறினவன், நான்தான் முதல்ல ஏறினேம்பான். பின்வாசல்ல முதல்ல ஏறினவனும் அதையேதான் சொல்லுவான். ரெண்டு பேரும் பொய் சொல்லல. வண்டி கெளம்பிடும்."

"உங்களுக்கு எல்லாமே பஸ்ஸுதான்."

"உனக்கு எல்லாமே பேப்பரு. நான் ஏதாவது சொன்னேனா?"

நாலாம் வியாழன்தான் ஏதோ ஒன்று அசைந்தது. சாலைப் பள்ளியில் தடிமனான கண்ணாடி போட்ட ஒரு பெண். எந்தத் தாளைக் கொடுத்தாலும் மூக்கருகே கொண்டுபோய் எழுத்தெழுத்தாய்ப் பார்ப்பாள். பூதக்கண்ணாடி என்று பெயர். அவள் அன்று மேட்டுப் பள்ளிக் கூட்டத்தைப் பார்த்து, சண்டை தொனியே இல்லாமல், வெறும் விவரம் கேட்பதுபோல் கேட்டாள்: "கேட் உங்களுக்கு நாள் பூரா வேணுமா, இல்ல பஸ் நேரத்துக்கு மட்டுமா?"

வக்கீல் விரல் மடக்கிக் கணக்குப் போட்டான். "நாலு பத்து பஸ்ஸுக்கு" என்றான். "அது போச்சுன்னா அடுத்தது அஞ்சு மணிக்குத்தான்."

"அப்போ நாலுலேருந்து நாலரை."

"...ஆமா."

"எங்களுக்கு மூணரைக்கு அரை மணி நேரம் தண்ணி விட்டா போதும். மண்ணு அடங்கறதுக்கு. குடிக்கறதுக்கு நாங்களே பாட்டில் கொண்டு வருவோம்."

பதினொரு வருடச் சண்டை அரை மணி நேரமும் அரை மணி நேரமுமாகச் சுருங்கிக் கிடந்தது. 'இதைக் கேட்க மூணு வாரமா?' என்று அளவுகோலம்மாவுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. பிறகுதான் நினைத்துப் பார்த்தாள்: அவள் கட்டிய ஒப்பந்தங்களில் இதைக் கேட்பதற்கு முப்பது வருடம் எடுத்துக்கொண்டவையும் உண்டு.

ஐந்தாம் வியாழன் விதி விதியாக எழுதினார்கள். சாவி இரண்டு, ஆளுக்கொன்று. கேட் திறக்காத நாளில் தண்ணீரும் கிடையாது. தண்ணீர் வராத நாளில் கேட்டும் கிடையாது. பந்து எந்தக் கூரையில் விழுந்தாலும் திட்டாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதிக்கு மட்டும் ஒரு மணி நேரம் தகராறு. 'திட்டாமல்' என்பதை எப்படி அளப்பது என்று வக்கீல் கேட்டான். கேள்வி நியாயமானது என்பதால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

ஆறாம் வியாழன், அதாவது நேற்று, ஒப்புநோக்கும் பாடம். "ஒருத்தர் சத்தமா படிக்கணும், ஒருத்தர் மத்த பிரதியில விரல் வெச்சுப் பாக்கணும். ரெண்டும் ஒண்ணு போல இருக்கணும். ஒரு எழுத்து மாறினாலும் அது ஒப்பந்தம் இல்ல, சண்டைக்கு விதை" என்று நூறு தடவை சொன்னாள். சாலைப் பள்ளி அலுவலகக் கணினியில் இரண்டு பிரதிகளையும் அவளே அமைத்துவிட்டு, ஒப்புநோக்கி அச்சிடும் வேலையைப் பூதக்கண்ணாடிக்கும் வக்கீலுக்கும் கொடுத்துவிட்டுப் போனாள். தரப்புக்கு ஓர் ஆள், அதுவும் விதிதான்.

அந்தத் தாள்களைத்தான் காலையில் படிக்காமல் கட்டி முடித்தாள்.

பத்தரைக்கு எல்லோரும் நூலகத்துக்கு வந்தார்கள். சாலைப் பள்ளித் தலைமையாசிரியை, மேட்டுப் பள்ளித் தலைமையாசிரியர், முப்பது பிள்ளைகள். மேட்டுப் பள்ளித் தலைமையாசிரியர் கஞ்சி போட்ட சட்டை மாதிரியே விறைப்பான ஆள். சுற்றுவழியில் இருபத்தைந்து நிமிடம் நடந்து வந்ததில் வியர்வை வேறு. ஜன்னலுக்கு வெளியே, மைதானத்து ஓரத்தில், நகராட்சி மேற்பார்வையாளர் ஒருவர் அளக்கும் நாடாவும் சுண்ணாம்பு வாளியுமாக மரத்தடியில் நின்றிருந்தார். பன்னிரண்டுக்குள் கையெழுத்து ஆகாவிட்டால், வாகன நிறுத்தத்துக்குக் கோடு போட வேண்டியது அவர் வேலை.

அளவுகோலம்மா ஆளுக்கொரு பிரதியை வைத்தாள். மேட்டுப் பள்ளித் தலைமையாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியைப் படித்தார். எட்டி, அந்தப் பக்கத்துப் பிரதியையும் பார்த்தார். பேனாவை மூடினார்.

"இதுலயும் சாலைப் பள்ளிதான் முதல்ல. அதுலயும் சாலைப் பள்ளிதான் முதல்ல. நாங்க என்ன, வாலா?"

"சார், அப்படி இருக்காது..." என்று அளவுகோலம்மா குனிந்து பார்த்தாள். இருந்தது. 'சாலைப் பள்ளியும் மேட்டுப் பள்ளியும்.' மற்றதிலும் அதே. கடைசித் தாளிலும், இரண்டு பிரதியிலும், இடப்பக்கக் கையெழுத்து சாலைப் பள்ளிக்கு.

இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் நடக்காதது. இரு நாட்டு ஒப்பந்தம் என்றால் இரண்டு பிரதி. அவரவர் கையில் போகிற பிரதியில் அவரவர் பெயர் முதலில், அவரவர் கையெழுத்து இடப்பக்கம். கடுகளவு நாடானாலும் கண்டத்தளவு நாடானாலும் இதில் மாற்றம் இல்லை. அவள் அப்படித்தான் அமைத்துவிட்டுப் போனாள்.

"யார் மாத்தினது?"

பூதக்கண்ணாடி எழுந்து நின்றாள். "நாங்கதான் மிஸ். படிச்சுப் பாத்தப்போ முதல் வரியே மாறி இருந்துச்சு. டைப்பிங் மிஸ்டேக்குன்னு நினைச்சோம். எது முதல்ல வரணும்னு கேட்டேன், அகர வரிசையில போடலாம்னு இவனே சொன்னான். ச-வுக்கு அப்புறம்தானே மிஸ் ம?"

பின்வரிசையில் மேட்டுப் பள்ளிக் கூட்டம் எழும்பியது. "டேய் வக்கீலு! நம்ம பேரை நீயே பின்னாடி தள்ளினியா?" "அவ கேட்டதும் தலையாட்டிட்டான்டா!" "நாடு நாடுன்னு சொல்லி நம்மள வித்துட்டான்டா!"

வக்கீல் எழுந்தான். காது சிவந்து நின்றான். "சரியா இருக்கணும்னுதான்டா..." என்றான். யார் காதிலும் அது விழவில்லை.

அளவுகோலம்மாவின் நாக்கு நுனியில் ஒரு திட்டு உருண்டு வந்து நின்றது. 'ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?' என்று தொடங்குகிற திட்டு. பூதக்கண்ணாடி அதற்குள் சொல்லிவிட்டாள்: "நீங்கதானே மிஸ் சொன்னீங்க, ரெண்டும் ஒண்ணு போல இருக்கணும், ஒரு எழுத்து மாறக் கூடாதுன்னு. நூறு தடவை சொன்னீங்க."

சொன்னாள். நூறு தடவை சொன்னாள். ஆனால் இந்த ஓரிடத்தில் மட்டும் மாறித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மூச்சு விடுவதை யாராவது சொல்லிக் கொடுப்பார்களா? விரலோடு ஊறிப்போன விஷயம், பாடத்தில் சேர்க்க வேண்டியது என்றே தோன்றவில்லை. ஆறு வாரமாக எவர் மேலெல்லாமோ இருந்த எரிச்சல் எல்லாம் சுற்றி வளைத்து வந்து அவள் மேலேயே உட்கார்ந்தது. கட்டும்போது கண்ணை ஒரு நொடி கீழே இறக்கியிருந்தால் தெரிந்திருக்கும். விதி, விதி என்று இருந்தாள்.

மேட்டுப் பள்ளித் தலைமையாசிரியர் எழுந்துவிட்டார். "வாங்கப்பா போகலாம். அவங்களே வெச்சுக்கட்டும் மைதானத்தை."

"சார், உட்காருங்க சார். தப்பு என்னோடது" என்றாள்.

"யாரோடதா இருந்தா என்ன மேடம்?"

"ரெண்டு பேருமே முதல்ல வரலாம் சார். அதுக்குத்தான் ரெண்டு பிரதி. உங்க பிரதியில நீங்க முதல்ல. அவங்க பிரதியில அவங்க." அவர் முகம் தெளியவில்லை. வேறு வழியில்லாமல், சொல்லும்போதே நொந்துகொண்டு, சொன்னாள்: "ரெண்டு வாசல் பஸ்ஸு மாதிரி சார். முன்னாடி வாசல்ல முதல்ல ஏறினவரும் முதல்ல, பின்னாடி வாசல்ல முதல்ல ஏறினவரும் முதல்ல. வண்டி ஒண்ணுதான்."

யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. தலைமையாசிரியர் நின்ற வாக்கிலேயே யோசித்தார். "இதுதான் உலக வழக்கமா?"

"ஆமா சார். நான் கட்டினது எல்லாமே அப்படித்தான்."

"எங்க பிரதியில இடப்பக்கம் நான்?"

"நீங்கதான்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

சுவர்க் கடிகாரம் பத்து ஐம்பத்தைந்து காட்டியது. "அரை மணி" என்றாள். உட்கார்ந்தார், ஆனால் நாற்காலியின் நுனியில்.

சாலைப் பள்ளித் தலைமையாசிரியை இப்போது கண்ணை உருட்டினார். "எங்க பிரதியில மாத்த மாட்டீங்களே?"

"உங்களோடதத் தொட மாட்டேன் மேடம்" என்றாள். தொண்டையில் இன்னும் நாலு வார்த்தை இருந்தது. விழுங்கினாள்.

மேட்டுப் பள்ளிப் பிரதியை எடுத்துக்கொண்டு ஓரத்து மேசைக்குப் போனாள். அரக்கு வைத்த நாடாவைத் தன் கையாலேயே வெட்டியதில்லை அவள். வெட்டினாள். முதல் தாளும் ஏழாவது தாளும்தான் மாற வேண்டும். உறையில் இருந்ததும் இரண்டே தாள். ஒன்று வீணானாலும் வேறு இல்லை.

மூவரும் பள்ளி அலுவலகத்துக்குப் போனார்கள். பூதக்கண்ணாடி கணினியில் உட்கார்ந்து அந்த இரண்டு வரிகளை மாற்றினாள். வக்கீல் பக்கத்தில் நின்று விரல் வைத்துப் பார்த்தான். "இந்தத் தடவை மாறி இருக்கணும், அதானே மிஸ்?" என்றான். கிண்டலா என்று அளவுகோலம்மா திரும்பிப் பார்த்தாள். இல்லை, பாவம், உண்மையாகத்தான் கேட்டான். மைதானத்து மரத்தடியில் மேற்பார்வையாளர் வாளியில் குச்சி விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

முதல் தாள் அச்சுப்பொறியில் போனது. பாதியில் தடுமாறி, கர்ரென்று ஒரு சத்தம். அவள் குனிந்து அச்சுப்பொறியின் வாயைப் பார்த்தாள். தாள் கசங்காமல் வெளியே வந்தது. ஆனால் கோணலாக. எழுத்து வரிகள் எல்லாம் இடமிருந்து வலம் போகப் போக ஒரு நூல் அளவு மேலே ஏறியிருந்தன. இரண்டாவது தாள் நேராக வந்தது.

இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தாள். வைக்காமலே தெரிந்ததுதான். அவளுடைய அலுவலகமாக இருந்தால் இந்தத் தாள் இந்நேரம் குப்பைத் தொட்டியில் கிடக்கும். அச்சடித்தவருக்கு அரை மணி நேர அர்ச்சனையும் கிடைத்திருக்கும்.

"வேற பேப்பர்ல அடிச்சிடலாமா மிஸ்? சாதாப் பேப்பர் நிறைய இருக்கு" என்றான் வக்கீல்.

"ஒரு தாள் மெலிசா இருந்தா, அவங்களுது கெட்டி எங்களுது மெலிசான்னு அடுத்த சண்டை வரும்."

அதைச் சொன்ன பிறகு செய்வதற்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. புதுத்தாள்களைப் பழைய தாள்களின் அடியில் வைத்து, பழைய துளை வழியாகவே குத்தூசியை இறக்கினாள். பழைய முதல் தாளையும் கடைசித் தாளையும் எடுத்துவிட்டு, வரிசை மாற்றி அடுக்கினாள். இருவரும் மூலையில் சுருக்கொப்பம் போட்டார்கள். இந்த முறை கட்டுகிற கை ஏழு தாளையும் எழுத்தெழுத்தாகப் படித்தது. விதி கிடக்கட்டும். நாடா இறங்கியது, ஏறியது, இறங்கியது, முடிச்சாயிற்று. அரக்கு சொட்டியது. ஊதி ஆற வைத்தாள். அதையும் இதுவரை செய்ததில்லை.

நூலகத்துக்குத் திரும்பியபோது பதினொன்று முப்பத்தெட்டு. பின்வரிசை மேட்டுப் பள்ளிக் கூட்டம் வக்கீலை இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தது. அவன் அவர்கள் பக்கத்தில் போய் உட்காரவும் இல்லை, இந்தப் பக்கம் உட்காரவும் இல்லை. நடுவில் ஒரு புத்தக அலமாரியில் சாய்ந்து நின்றான்.

சாலைப் பள்ளிப் பிரதியில் தலைமையாசிரியை முதலில் கையெழுத்திட்டார், அப்புறம் மேட்டுப் பள்ளித் தலைமையாசிரியர். மேட்டுப் பள்ளிப் பிரதி மேசையில் இருந்தது. தலைமையாசிரியர் முதல் வரியைப் படித்தார். மறுபடி படித்தார். அளவுகோலம்மா அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் வரியோடு வரியாக மேலே ஏறுகிறதா என்று. அவர் பார்த்தது தன் பள்ளியின் பெயரை மட்டும்தான். கடைசித் தாளுக்குப் போய் இடப்பக்கம் கையெழுத்துப் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தார். வலப்பக்கம் தலைமையாசிரியை போட்டார்.

யாரோ கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெட்டியிலிருந்து ஒரு கொடியை யாரோ எடுத்து ஆட்டினார்கள். படிவத்துக்கு ஒன்று என்று எழுதிக்கொள்ளலாம். வெளியே மேற்பார்வையாளருக்குச் சொல்ல ஒரு பையன் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். அவர் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை. குச்சியை மட்டும் வாளியின் விளிம்பில் தட்டினார்.

பிரதியை முறைப்படி ஒப்படைக்க வேண்டியது பாக்கி. அதைப் பிள்ளைகள் கையாலேயே செய்ய வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். அளவுகோலம்மா மேட்டுப் பள்ளிப் பிரதியை மூடி, ஓரத்தை உள்ளங்கையால் தட்டிச் சீராக்கி, பூதக்கண்ணாடியிடம் நீட்டினாள். அந்தப் பெண் வழக்கம்போல அதை மூக்கருகே கொண்டுபோனாள். முதல் தாளைத் தூக்கிப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"மிஸ்" என்று குரலைத் தாழ்த்தினாள். "இது கோணல்."

"தெரியும்."

"இப்படியே குடுக்கலாமா?"

அளவுகோலம்மாவின் கை ஒரு நொடி பிரதியை நோக்கிப் போயிற்று. நடுவில் நின்று, மேசையில் கிடந்த அளவுகோலை எடுத்துக் கைப்பைக்குள் போட்டது.

"மணி பாரும்மா. போ, ரெண்டு கையாலயும் குடு."

பூதக்கண்ணாடி திரும்பி நடந்தாள். அலமாரியில் சாய்ந்திருந்த வக்கீல் நிமிர்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான்.